நோயெதிர்ப்பும் அதன் செலவும்

விளைந்த வயலுக்குக் காவல் இன்றியமையாதது. காவற்காரனின் கூலியோ அவ்வயலின் விளைச்சலிலிருந்தே அளக்கப்படல் வேண்டும். உயிர்களின் உடலிலும் இவ்வாறே நிகழ்கின்றது. வளர்ச்சி, உழைப்பு, பால், முட்டை ஆகியவற்றுக்குச் சக்தி தரும் உணவே, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் செலவையும் தாங்குகின்றது. இதனை அறிந்த கமக்காரர், நோய் நீங்கிய பின்னரும் கன்று தேறாமைக்குக் காரணத்தை எளிதில் உணர்வர்.

செலவாகும் வகை

காய்ச்சல் கிருமிகளை அடக்க உடல் மூட்டும் நெருப்பாகும். மனிதரின் உடல்வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது, உடல் செலவிடும் சக்தி நூற்றுக்கு 10 முதல் 13 வரை கூடுகின்றது. அதே வேளையில் பசியும் குன்றுகின்றது. வரவு குறையச் செலவு பெருகுவதால், உடல் தன் தசையிலுள்ள புரதத்தைக் கரைத்து எதிர்ப்புக்கு வேண்டிய பொருள்களை ஆக்கிக்கொள்கின்றது. கோழிக்குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படும்போது அவற்றின் வளர்ச்சி குன்றுவதற்கு, அவை தீனியைக் குறைத்துக் கொள்வதே பெருங்காரணம்; உண்ட தீனி தசையாக மாறாது எதிர்ப்புக்குச் செல்வது மற்றைய காரணம்.

ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

2000 ஆம் ஆண்டில், ஐரோப்பாவில் வாழும் பெரிய உரோமத் தேனீக்களைக் கொண்டு நடத்திய சோதனையொன்று வெளியிடப்பட்டது. தேனீக்களின் உடலில் உயிருள்ள கிருமி எதுவும் செலுத்தப்படவில்லை; கிருமியின் புறச்சுவர்ப் பொருளோ நுண்ணிய இறப்பர்ப்பால் மணிகளோ மாத்திரம் செலுத்தப்பட்டன. பட்டினியாக வைக்கப்பட்ட தேனீக்களுள், இவ்வாறு தூண்டப்பட்டவை ஏனையவற்றிலும் விரைவில் இறந்தன. வேண்டிய அளவு உணவு பெற்றவற்றில் அத்தீங்கு காணப்படவில்லை. கொல்லுதற்கு நோயே இல்லாதபோதும், எதிர்ப்பின் செலவே உயிரைக் குடித்தது.

தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், காடுகளிடையே பயிர்செய்து வாழும் சுவார் மக்களின் குழந்தைகள் பற்றிய ஆய்வு 2018 இல் வெளிவந்தது. எதிர்ப்புச் சக்தி மிகுதியாகத் தொழிற்பட்ட காலங்களில் அவர்களின் வளர்ச்சி குன்றியது. சில நிலைகளில் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. எனினும் உடலிற் கொழுப்புச் சேமிப்புள்ள குழந்தைகளை இக்குறை அத்துணை தாக்கவில்லை. ஆகவே கூலிக்குரிய நெல் முன்னரே களஞ்சியத்தில் இருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. பிறந்த கன்றுக்கு முதல் ஆறு மணித்தியாலத்துள் கடும்புப்பால் ஊட்டுக. தாய் தன் செலவில் ஆக்கிய எதிர்ப்புப் பொருள்கள் அதன் வழியே கன்றை அடையும்.

2. கொட்டிலையும் கோழிக்கூட்டின் கூளத்தையும் ஈரமின்றி வைத்திருக்க. அழுக்கான இடத்தில் வாழும் பிராணி நாள்தோறும் சிறு போர் புரிந்து தீனியை வீணாக்கும்.

3. தடுப்பு மருந்தை நன்கு உண்ணும், நோயற்ற பிராணிகளுக்கே ஏற்றுவிக்க. ஏற்றிய பின் ஓரிரு நாள் சோர்வு தோன்றலாம். அது சிறு செலவு. நோய் வந்தால் இழப்பது மந்தை முழுவதுமாகலாம்.

4. நோயுற்ற மாட்டின் வாயில் தீனியை வலிந்து திணியாதீர். நோயுற்ற சுண்டெலிகளுக்கு வலிந்து ஊட்டியபோது அவற்றுள் இறந்தவை மிகுந்தன என 1979 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நிழலும் சுத்தமான நீரும் கொடுத்துக் கால்நடை வைத்தியரை அழைக்க.

5. பசி மீண்டவுடன் இழந்த புரதத்தை ஈடுசெய்க. பசும்புல்லுடன் தேங்காய்ப் பிண்ணாக்கு, சீமைக்கிளுவை இலை ஆகியன உதவும். தேறாத எருதை ஏரிற் பூட்டலாகாது.

6. காய்ச்சலுற்ற குழந்தைக்கு உணவை நிறுத்துதல் தவறு. தாய்ப்பாலையும் இலகுவான உணவையும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க. சுகமடைந்த பின் சில வாரங்களுக்குப் பருப்பு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கூடுதலாக அளிக்க.

நோய் நீங்கியதுடன் கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. எடுத்த நெல்லைக் களஞ்சியத்தில் மீண்டும் நிரப்பிய பின்னரே அது தீரும்.