கருப்பைக் கட்டியும் சாப்பாடும்



"என்ன சாப்பிட்டா இந்தக் கட்டி கரையும், டிரஸரய்யா?" என்று டிஸ்பென்சரியில் பலர் கேட்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் கீரையும் இல்லை, கசாயமும் இல்லை. ஆறு மாதம் கசாயம் குடித்துவிட்டு வந்த ஓர் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. 12க்குக் குறைந்தாலே சோகை.

கருப்பைத் தசையில் வளரும் இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. தீட்டு நின்ற பிறகு பொதுவாகத் தானே சுருங்கும். அதுவரை ஆளை வீழ்த்துவது இரத்தப்போக்குதான். மேடேறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும்.

இங்கேதான் சாப்பாடு உதவும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிடைக்கிற முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி போதும். விலை உயர்ந்த டானிக் வேண்டாம். கூடவே ஒரு கொய்யா சாப்பிடுங்கள், இரும்புச் சத்து உடம்பில் சேரும். சோற்றோடு தேத்தண்ணி குடிக்கிறோமே, அது அந்தச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். (எனக்கும் கஷ்டம்தான்!) காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டி குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. முடிந்த முடிவல்ல, சாப்பிட்டால் நட்டமுமில்லை.

சோகை வந்தபின் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். தீட்டு அதிகமானால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா இருக்கிறது. ஆம்பளை டிரஸரிடம் சொல்ல வெட்கமென்றால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.