மலைப்பாதையில் மின்சார சைக்கிள்: வாங்கு முன்னும் வாங்கிய பின்னும்

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்கள் முகாம் வாழ்க்கை வாழ்ந்து, 2016 இல் மகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். மண்சரிவினால் இடம்பெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் பிற்பாடு ஒரே சிக்கல்தான். வீடு ஓரிடம், வேலை ஓரிடம், மரக்கறிப் பாத்தி இன்னோரிடம். நடை கூடுகிறது, நடக்க முடியாத நாளில் முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் மட்டுமே கிடைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சார சைக்கிளைப் பற்றிப் பலரும் கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆகவே இவ்விதழில் அதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

விளம்பரங்களில் காணும் மலிவான சைக்கிள்கள் சமதரைக்காகச் செய்யப்பட்டவை. "ஒரு சார்ஜில் 40 கிலோமீற்றர்" என்றால் அது வெறும் ஆளோடு, மேடு இல்லாத வீதியில். எமது ஊவா மலையில் கணக்கே வேறு. அதை நாமே போட்டுப் பார்க்கலாம்.

தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர் என்பது எல்லாருக்கும் தெரியும். சைக்கிளும் ஆளும் ஒரு மரக்கறி மூட்டையுமாக 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் ஏற்றத் தேவைப்படும் சக்தி சுமார் 90 வாட்மணி. மோட்டாரிலும் வயரிலும் வீணாவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து ஏறக்குறைய 130 போய்விடும். மலிவான சைக்கிளில் பெரும்பாலும் 12 வோல்ட், 12 அம்பியர்மணி ஈயப் பற்றரிகள் நான்கு இருக்கும். 48 ஐ 12 ஆல் பெருக்கினால் 576 வாட்மணி. ஆனால் ஈயப் பற்றரி மேட்டில் வேகமாக இழுக்கப்படும்போது அதில் பாதியளவே உருப்படியாகத் தரும். ஆக, தியலும உயரத்துக்கு இரண்டு தடவை ஏறினால் அன்றைய கதை முடிந்தது. வாங்குமுன் உங்கள் பாதையின் ஏற்றத்தை இப்படி எடைபோட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் உங்களுக்காக இந்தக் கணக்கைப் போடமாட்டார்.

அடுத்தது மோட்டாரின் பலம். 100 மீற்றர் தூரத்துக்கு 8 மீற்றர் உயரும் பாதையில், அதே பாரத்தோடு மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போக, மேட்டை வெல்ல மட்டும் சுமார் 400 வாட்ஸ் வேண்டும். 250 வாட்ஸ் மோட்டார் என்ன செய்யும்? வேகம் குறைந்து முக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் ஓட்டமாகாமல் சூடாக மாறுகிறது. உள்ளே சுற்றியுள்ள கம்பி கருகுகிறது. இதைத் தீர்க்கச் சிலர் கொன்ட்ரோலரைத் திறந்து ஈயம் வைத்து மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு மோட்டாரே போய்விடும். அந்த வேலையைச் செய்விக்க வேண்டாம்.

மாறாக, மிகக் குறைந்த செலவில் ஆகும் திருத்தம் பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றுவது. 28 அல்லது 32 பல் உள்ள பெரிய சில்லைப் போட்டால் மேட்டில் மிதிப்பது இலகுவாகிறது. கால் தரும் சக்தி மோட்டாருக்குக் கைகொடுக்கும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

பணம் சேர்ந்ததும் செய்ய வேண்டிய பெரிய திருத்தம் பற்றரி. நான்கு ஈயப் பற்றரிகள் சேர்ந்து ஏறக்குறைய 16 கிலோ பாரம். அதே அளவு சக்தி தரும் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி அதில் பாதிக்கும் குறைவு. தன் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் தரும், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். ஈயப் பற்றரியோ முழுதாக வெறுமையாக்கினால் சில நூறு தடவையில் சோர்ந்துவிடும். லித்தியம் பற்றரிக்குள் பாதுகாப்புப் பலகை இருக்க வேண்டும். அதற்கென்ற சார்ஜரையே பாவிக்க வேண்டும். பழைய சார்ஜர் முனை பொருந்துகிறதே என்று மாட்டக் கூடாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய செல்களைக் கட்டி விற்கும் பொதிகளைத் தொடவே வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏறியவர் இறங்கியாக வேண்டும். அதே 150 கிலோ தியலும உயரம் இறங்கும்போது பிரேக்கில் பிறக்கும் சூடு, ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மோட்டார் சைக்கிளைப்போல எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் இதில் கிடையாது. றப்பர் கட்டை பிரேக் மழையில் வழுக்கும். முன்சக்கரத்துக்காவது டிஸ்க் பிரேக் போடுங்கள். கட்டையை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டு போகாமல், விட்டு விட்டுப் பிடித்து, தொடக்கத்திலிருந்தே மெதுவாக வாருங்கள். பிள்ளைகளை ஏற்றுவோர் இந்த வேலையை முடிக்காமல் பற்றரிக்குப் பணம் செலவழிப்பது சரியல்ல என்பது எமது திடமான அபிப்பிராயம்.

மூட்டை வைக்கும் தட்டைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும்படி வெல்டிங் செய்விக்கலாம். உயரமாகக் கட்டினால் வளைவில் கவிழ்க்கும். மழையும் மூடுபனியும் கனெக்டர்களைத் துருப்பிடிக்க வைப்பதால், பிளக்குகளில் வசலின் பூசி, வயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே ஓடாது.

சார்ஜ் செய்ய ஒரு தடவைக்கு ஒரு யூனிற்றுக்கும் குறைவாகவே மின்சாரம் செலவாகும். ஆபத்து செலவில் அல்ல, இடத்தில். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் வைத்திருப்போர், வாசல்படிக்கு அருகே சார்ஜ் செய்து நாம் வெளியேறும் வழியை அடைத்துவிடக் கூடாது. இரவில் எல்லாரும் தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். பிள்ளைகள் விழித்திருக்கும் மாலை நேரத்தில், தாழ்வாரத்தில், சீமெந்துத் தரையில் வையுங்கள். பற்றரி உப்பினாலோ வாசனை வந்தாலோ பிளக்கைக் கழற்றி, முடிந்தால் வெளியே எடுத்துச் சென்று விட்டுவிடுங்கள்.

கடன் வாங்கியே வாங்க வேண்டுமென்றால், வாரத் தவணையையும் இப்போது முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் கூலியையும் ஒரு மாதம் ஒரே கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று நான்கு குடும்பம் சேமிப்புக் குழுவாகச் சேர்ந்து ஒன்றை வாங்குவதும் நல்லதே. அப்போது சாவி யாரிடம், பிரேக் கட்டைக்கு யார் பணம் என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வகை வண்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை முற்பணம் கட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிந்து, கடைக்காரரிடம் அதற்குரிய கடதாசிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.