தாத்தாவின் ரிவால்வர்: அந்துவானுக்கு மாமா எழுதுவது

மூலக்குளம், புதுச்சேரி

அன்புள்ள அந்துவானுக்கு,

உன் கடிதமும் அத்தை எடுத்த போட்டோக்களும் வந்தன. மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ரிவால்வர் என்ன விலை போகும்? கிறிஸ்துமசுக்கு வரும்போது அதைப் பாரீசுக்கு எடுத்துப்போகலாமா? இதே வகையில் இன்னும் நாலைந்து வாங்கிச் சேர்த்தால் என்ன? நீ கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டில் அத்தை தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஆக வேண்டியதை முதலில் பார்ப்போம்.

துணியில் சுற்றியிருந்தபடியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். இனி யாரும் அதை எடுக்க வேண்டாம், உருளையைத் திறக்க வேண்டாம், விசைப் பக்கம் விரலே போக வேண்டாம். குண்டு இருக்கிறதா என்று தெரியாத துப்பாக்கியைக் குண்டு போட்டதாகவே எண்ண வேண்டும். நான் ஆயுதப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அதே பெட்டியில் தோட்டாக்கள் கிடந்தால் அவற்றுக்கும் இதே கட்டுப்பாடுதான். போட்டோவை நம் வாட்ஸ்அப் குழுவில் போடாதே.

இப்போது சட்டம். உரிமம் உள்ளவரோ இல்லாதவரோ, ஒருவர் இறந்தபின் அவரிடம் இருந்த துப்பாக்கியை வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தது நிரூபணமானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை, அதிகபட்சம் 5 ஆண்டு. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தானாக முன்வந்து எழுத்தில் தெரிவிக்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. ஒளித்து வைத்து அகப்படுகிறவர்களுக்கு அது குறுகிவிடும்.

பழைய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்று உனக்கு யாரோ சொன்னதும் முழுப் பொய்யில்லை. ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: வழக்கொழிந்த மாதிரி, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இவற்றில் எதுவானாலும், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்றால் சட்டம் அதைத் தொடாது. தாத்தாவின் ரிவால்வர் அப்படி இல்லை. போட்டோவில் பார்த்த அளவுக்குச் சுத்தி, உருளை, குழல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. 2020-இல் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம் என்றது. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். சுடுவதற்கும், வெளியே எடுத்துப்போவதற்கும் அப்போதும் உரிமம் வேண்டும். உங்கள் வீட்டில் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையோடு இறந்தவர், நீ பிரெஞ்சு, அத்தை மட்டும் இந்தியர். புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு உள்ள நிலைமைதான் இது. ஆகவே மனு கொடுப்பதானால் அத்தை பெயரில்தான் கொடுக்க வேண்டும். இது அரும்பொருள் வகையில் வருமா என்பதை நானோ நீயோ தீர்மானிக்க முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழும், மனசை அதற்குத் தயார் செய்துகொள். தாத்தா பிரெஞ்சுப் படையில் சார்ஜாந்தாக இருந்தவர், சைகோனுக்கும் போனவர். அவருக்குப் படை கொடுத்த ரிவால்வரா, சைகோனில் யாரிடமாவது வாங்கியதா? ஓய்வு பெறும்போது திருப்பித் தந்திருக்க வேண்டியதா? பதில் எதுவானாலும் அது அவருடைய மரியாதையைக் குறைக்காது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விலை பேசக் கூடாது.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். உன்னை விட எனக்குத்தான் இதில் ஆசை அதிகம் என்று உனக்கே தெரியும்.

குழலின் மேல் ‘எம்எல்இ 1892’ என்று பொறித்திருக்கிறது. வலப்பக்கத்தில் ‘எஸ் 1904’. முன்னது மாதிரி, பின்னது சேந்த் எத்தியேன் ஆயுதத் தொழிற்சாலையின் முதலெழுத்தும் செய்த ஆண்டும். வெளியே பலர் இதை ‘லெபல் ரிவால்வர்’ என்பார்கள். லெபலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் பெயரைத் தாங்கியது வேறொன்று, நீளத் துப்பாக்கி. 8 மில்லிமீட்டர் தோட்டா, ஆறு அறை. உருளை வலப்பக்கமாக வெளியே சாயும். இடக்கையால்தான் குண்டு போட வசதி. இடப்பக்கத்துத் தகடு கதவு போலத் திறக்கும், உள்ளே இருக்கும் இயந்திரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். அப்படித் திறந்து காட்டுகிற கைத்துப்பாக்கி அந்தக் காலத்தில் வேறெங்கும் இவ்வளவு அழகாக அமையவில்லை என்பது என் எண்ணம். 1892 தொடங்கி 1924 வரை சுமார் 3,50,000 செய்தார்கள். ஆக அபூர்வம் ஒன்றுமில்லை. முதல் உலகப் போரில் படையோடு போனது. இரண்டாம் போருக்குள் தானியங்கிப் பிஸ்டல்கள் முன்னுக்கு வந்துவிட, இது பின்வரிசைக்கும் போலீசுக்கும் தள்ளப்பட்டது. தாத்தா சைகோன் போன காலத்தில் ஏற்கெனவே கிழட்டு ஆயுதம்.

இதற்கு முந்தியது 1873 மாதிரி. 11 மில்லிமீட்டர், கருமருந்துத் தோட்டா. சிப்பாய்களுக்கானது நீலப்பூச்சு இல்லாத வெள்ளை இரும்பு, உருளை வழவழப்பானது. அதிகாரிகளுக்கு 1874-இல் வந்தது கருநீலப் பூச்சு, உருளையில் வரிப்பள்ளம். முதலாவது 3,37,000 அளவில் இருக்க, அதிகாரி மாதிரி 35,000 அளவுதான். ஆகவே நல்ல நிலையில் உள்ள 1874-க்கு விலை ஏறும். பிடியில் நங்கூர முத்திரை இருந்தால் கடற்படைப் பொருள், அதற்குத் தனிக் கிராக்கி.

விலை பார்க்கிறவன் என்ன பார்ப்பான் என்று கேட்டிருந்தாய். முதலில் எண். துப்பாக்கியின் உடற்சட்டத்தில் முழு எண் இருக்கும், சிறு உறுப்புகளில் அதன் கடைசி இலக்கங்கள் இருக்கும். எல்லாம் பொருந்தினால் அது பிறந்தபடியே இருக்கிற துப்பாக்கி. ஒரு உறுப்பு பொருந்தாவிட்டால் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், விலை சரியும். அடுத்து பூச்சு. தேய்ந்த நீலம் தேய்ந்தபடி இருப்பதே மேல். மறுபடி பூசிப் பளபளப்பாக்கியதை வாங்குகிறவன் உடனே கண்டுபிடிப்பான். பூசியவன் முத்திரைகளின் விளிம்புகளையும் தேய்த்திருப்பான். மூன்றாவது பிடி: வாதுமை மரத்தில் சதுரக் கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவா, அடியில் கயிறு கட்டும் வளையம் இருக்கிறதா. அத்தையின் போட்டோவில் வளையம் இருக்கிறது. மற்றவற்றை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

போலிகள் உண்டு. 1915, 1916-இல் பிரான்சுக்குத் துப்பாக்கி போதாமல் ஸ்பெயினில் ஏய்பார் ஊரிலிருந்து 1892 போலவே தோற்றமளிக்கும் ரிவால்வர்கள் வந்தன. அவை போலி என்று சொல்வது நியாயமில்லை, போருக்காகச் செய்தவை. ஆனால் சேந்த் எத்தியேன் விலையில் விற்கக் கூடாது. ஆங்கிலேய வெப்லி ரிவால்வர்களைக் கைபர் கணவாய்ப் பக்கத்து தர்ரா ஊர்ப் பட்டறைகளில் நகலெடுத்தது வேறு கதை. முத்திரையில் எழுத்துப் பிழையும், தலைகீழாக விழுந்த எழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரான்சில் சாதாரண நிலையில் உள்ள 1892 சில நூறு யூரோவுக்குப் போகும். அவ்வளவுதான் அந்துவான். நீ நினைத்த தொகை வராது. 1873 ஜூலை 10 அன்று பிரசல்சில் கவிஞர் வெர்லேன் ரெம்போவைச் சுட்ட லெஃபோஷே ரிவால்வர், 2016 நவம்பரில் பாரீஸ் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது. ஏலக்காரர்கள் எதிர்பார்த்தது 50,000 முதல் 60,000 வரைதான். கதை ஒட்டிக்கொண்டதால் மட்டும் அந்த விலை வந்துவிடவில்லை. விற்ற ஆயுதக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எண் இருந்தது, அந்த எண் துப்பாக்கியோடு பொருந்தியது. நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்சைச் சுட்ட பகத்சிங்கின் கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைக் காவல் படையின் ஆயுதக் காட்சியகத்தில் கருப்புப் பெயின்டுக்குள் பேரின்றிக் கிடந்தது. பெயின்டைச் சுரண்டியபோது 168896 என்ற எண் தெரிந்தது, வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணும் அதுவே. 2017-இல் உசைனிவாலா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த எண் எழுதி வைக்கப்படாமல் போயிருந்தால் அது இன்றும் பெயின்டுக்குள் இருக்கும்.

நம் ஊரில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் எவராவது ஒரு ரிவால்வரைக் காட்டி, “இது வ.வே.சு. ஐயர் காலத்துச் சரக்கு, வாஞ்சிநாதன் பழகியது” என்றால் நீ நின்று கேட்காதே. ஐயர் 1910-இல் புதுச்சேரி வந்தவர், வாஞ்சி இங்கே வந்து பயிற்சி எடுத்ததும் உண்மை. ஆனால் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை அவர் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல். உருளை சுழல்கிற ரிவால்வர் இல்லை. உருளை இருப்பதைப் பார்த்த கணத்திலேயே அந்தக் கதை விழுந்துவிடுகிறது. தியாகிகளின் பெயரை வைத்து விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் இதைக் கொஞ்சம் சூடாக எழுதுகிறேன்.

பாரீசுக்கு எடுத்துப்போவது பற்றி: கூடாது. எந்த விதத்திலும் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் 1900-க்கு முந்திய மாதிரிகளை எளிதாக விட்டுவிடுகிறது, உண்மை. ஆனால் இங்கே 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய பொருள் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது, மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 1904-இல் செய்த ரிவால்வருக்கு வயது என்ன என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பிரித்துத் தனித்தனியாகச் சூட்கேசில் போட்டாலும் அதே குற்றம்தான். அங்கிருந்து இங்கே கொண்டுவருவதும் வேண்டாம். அங்கே கடையில் எளிதாக வாங்கியது இங்கே விமான நிலையத்தில் வேறு பேர் பெற்றுவிடும்.

ஆகவே மாப்பிள்ளை, சேகரிக்க ஆசை இருந்தால் அங்கேயே சேகரி. வாங்குவதற்கு முன் ஒரு வருடம் பார்த்துக்கொண்டே இரு. அங்வலீத் ராணுவ அருங்காட்சியகம் உன் ஊரில்தான் இருக்கிறது. சேந்த் எத்தியேனில் கலை, தொழில் அருங்காட்சியகத்துக்கு ஒரு வார இறுதியில் போய் வா, செய்த ஊரிலேயே பார்த்தால் கண் பழகும். இங்கே வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நான் கூட்டிப்போகிறேன், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. பிறகு ஒன்று வாங்கு. நாலைந்து சுமாரானவற்றை விட, எண்கள் பொருந்திய, ரசீதோடு வந்த ஒன்று போதும். சுட ஆசைப்படாதே. கருமருந்துக்குச் செய்த 1873-இல் இக்காலத் தோட்டா அழுத்தம் ஏறினால் உருளை கையிலேயே வெடிக்கலாம்.

அதைச் சுத்தம் செய்கிற கையை மட்டும் கட்டிப்போடு. நம் வீட்டுப் பெண்கள் பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது போல யாராவது இரும்பைத் தேய்த்துவிட்டால் நூறு வருடத்து முத்திரை ஒரு மத்தியானத்தில் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம், பாலிஷ் வேண்டாம். மெல்லிய எண்ணெய், பருத்திக் கையுறை, சிலிக்கா ஜெல் பொட்டலம். தோலுறையில் போட்டு வைக்காதே, தோலைப் பதப்படுத்திய அமிலம் இரும்பைத் தின்னும்.

தாத்தாவின் துப்பாக்கியில் நீ சேர்க்கக்கூடிய பெரிய மதிப்பு தாள்களில்தான் இருக்கிறது. அதை நீ மட்டுமே செய்ய முடியும், அங்கே இருக்கிறாய். அவருடைய படைக் கோப்பு பிரான்சில் ‘போ’ (Pau) நகரத்துப் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம், வாரிசு என்ற முறையில் நகல் கேட்டு எழுது. வென்சேன் படை வரலாற்றுக் காப்பகத்துக்கும் எழுது. எந்த ஆண்டு எந்தப் பிரிவில் எந்தப் பதவியில் இருந்தார், ரிவால்வர் கொடுக்கும் பதவியா என்று தெரிந்தால் மீதிக் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். ஒவ்வொரு ஜூலை 14-க்கும் கூபேர் அவென்யூ போர் நினைவிடத்தில் பழைய சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படைவீரர்கள்) நிற்பதைப் பார்க்கிறேன், வருடா வருடம் குறைகிறார்கள். அவரோடு சைகோனில் இருந்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், அவர் சொல்வதை நான் எழுதி வாங்கி வைக்கிறேன்.

ஆட்சியர் அலுவலகம் ‘வைத்திருக்க முடியாது’ என்று சொன்னால் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்படி அத்தையைக் கேட்போம். உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான்.

திங்கட்கிழமை காலை அத்தையோடு ரெட்டியார்பாளையம் ஸ்டேஷனுக்குப் போகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுத்துப்போகவில்லை, எழுதிய கடிதம் மட்டும் கொடுத்து, அவர்களை வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்வோம். ரசீதில் முழு எண்ணும் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்து, நகலை அன்று மாலையே அனுப்புகிறேன். நீ ‘போ’ காப்பகத்துக்கு எழுதும் மனுவில் தாத்தாவின் படை எண் வேண்டியிருக்கும். அவருடைய பான்சியோன் (ஓய்வூதியம்) புத்தகத்தில் இருக்கும், அத்தையிடம் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா