உபுண்டுவைப் புதுப்பிக்க உட்காரும்போது

2022 ஜனவரியில் லினக்ஸில் ‘பிகே-எக்ஸெக்’ என்ற சிறு நிரலில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. 2009-இல் எழுதப்பட்டதிலிருந்தே அதில் இருந்த ஓட்டை அது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் யாரும் அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். விவரம் வெளியான அன்றே உபுண்டுவும் டெபியனும் திருத்தத்தைத் தந்துவிட்டன. புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும் புதுப்பிக்கும் முறை ஒன்றுதான். டெர்மினலைத் திறந்து முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுக்க வேண்டும். இது எதையும் நிறுவாது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கிக்கொள்ளும். நிறுவுவதற்கு ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. ‘ஒய்’ தட்டுவதற்கு முன் திரையில் வரும் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். ‘அப்கிரேட்’ ஏற்கெனவே உள்ள மென்பொருள் எதையும் நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ தேவைப்பட்டால் நீக்கும். நீக்கப் போகும் பட்டியலில் டெஸ்க்டாப்போ கிராஃபிக்ஸ் டிரைவரோ தென்பட்டால் ‘என்’ தட்டி நிறுத்திவிடுவதே நல்லது. எப்போதோ சேர்த்துவிட்டு மறந்துபோன வெளியார் மென்பொருள் களஞ்சியம் (பிபிஏ) ஒன்று பல நேரங்களில் இதற்குக் காரணமாக இருக்கும்.

நடுவில் ஒரு கேள்வியும் வரலாம். நீங்கள் கைவைத்து மாற்றிய அமைப்புக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா? ‘டி’ தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வரிவரியாகத் தெரியும். வெறுமனே என்டர் தட்டினால் பழையதே இருக்கும்.

‘லாக்’ கிடைக்கவில்லை என்று ஆப்ட் மறுத்தால், பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். சில நிமிடம் பொறுத்தால் போதும். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனையை நம்ப வேண்டாம். பாதியில் நிற்கும் வேலை மென்பொருள் தரவுத்தளம் முழுவதையும் குழப்பிவிடலாம். மின்வெட்டால் பாதியில் நின்றுபோனால் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புதிய கெர்னல் வந்திருந்தால் ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலைக்கு வரும். அதில் கணினி எழும்பாவிட்டால் பதற வேண்டாம்: கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கெர்னல் காத்திருக்கும்.

உபுண்டு 22.04-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஃபயர்ஃபாக்ஸ் ‘ஸ்னாப்’ என்ற தனி மென்பொருள் வடிவில் வருகிறது. ஆப்ட் அதைத் தொடாது. ஸ்னாப் தானாகவே ஒரு நாளைக்கு நான்கு முறை புதியதைத் தேடும். ஃபிளாட்பேக் வடிவ மென்பொருள் வைத்திருப்பவர்கள் ‘ஃபிளாட்பேக் அப்டேட்’ தனியாகக் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் ஆதரவு உள்ள பதிப்புக்குத்தான் பொருந்தும். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமான ‘உபுண்டு புரோ’வில் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். புதிய பதிப்புக்கே மாற நினைப்பவர்கள் முதலில் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்துவிட்டு ‘டூ-ரிலீஸ்-அப்கிரேட்’ கொடுக்கலாம். 20.04-இலிருந்து நேராக 24.04-க்குத் தாவ முடியாது, இடையில் 22.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும்.