என்ஜின் ஒயில்: ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு செலவு?



கொள்முதலில் ஒரு ரூபா கூடினாலும் கணக்குப் பார்க்கும் நாம், சரக்கு ஏற்றும் வேனுக்கு ஒயில் மாற்றும்போது மட்டும் கராஜில் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். "சிந்தெடிக் ஒயில் இரு மடங்கு விலை. நமக்கு அது இலாபமா, நட்டமா?" என்று வியாபார சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். மினரல் ஒயில், மசகு எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவது. சிந்தெடிக் ஒயில், இரசாயன முறையில் உருவாக்கப்படுவது. அல்லது மசகு எண்ணெயையே மேலும் கடுமையாகப் பதப்படுத்திச் சீராக்கியது. இதனால் அது கடும் வெப்பத்தில் விரைவில் கெட்டுத் தடிப்பதில்லை. செமி சிந்தெடிக் என்பது இரண்டின் கலவை.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு வேனுக்குத் தேவையான மினரல் ஒயில் 10,000 ரூபா, சிந்தெடிக் 20,000 ரூபா, பில்டரும் கூலியும் 3,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

மினரல், 5,000 கி.மீ.: கிலோமீற்றருக்கு 2.60 ரூபா.
சிந்தெடிக், 10,000 கி.மீ.: 2.30 ரூபா.
சிந்தெடிக், 5,000 கி.மீ.: 4.60 ரூபா.

விலை கூடிய ஒயிலை ஊற்றிவிட்டு, பழக்கத்தில் 5,000இலேயே மாற்றுபவர் காசை விரயம் செய்கிறார். மினரல் ஒயிலை ஊற்றி 10,000 வரை இழுப்பவர் என்ஜினையே பணயம் வைக்கிறார். என்ஜின் பிரித்து வேலை செய்யும் செலவில் எத்தனை முறை ஒயில் மாற்றலாம் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆனால் 10,000 என்பது எல்லா வாகனத்துக்கும் பொருந்தாது. உற்பத்தியாளரின் கைநூல் சொல்வதே எல்லை. கடினமான பாவனைக்கு அதிலேயே குறைந்த தூரம் தனியாகத் தரப்பட்டிருக்கும். ஜப்பானில் டொயோட்டா, டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குப் பொதுவாக 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று குறிப்பிட்டு வந்துள்ளது. கடினமான பாவனைக்கு அதில் பாதி.

நம்மில் பலரின் பாவனை கடினமானதே. புறக்கோட்டை நெரிசலில் ஒரு மணித்தியாலம் நின்றால் மீற்றர் ஓடாது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்குக் கடை நிறுத்தும் குறுகிய ஓட்டம், கூடிய சுமை, மலைநாட்டு ஏற்றம், தூசு ஆகியவையும் ஒயிலின் ஆயுளைக் குறைக்கும். இத்தகைய வாகனத்துக்குச் சிந்தெடிக் ஊற்றினாலும் முழுத் தூரம் ஓட வேண்டாம். கைநூலில் குறைந்த தூரமே தரப்பட்டிருந்தால், அதற்கு ஏற்ற தரமுள்ள மினரல் ஒயிலே இலாபம்.

கவனிக்க வேண்டியவை:

1. 10டபிள்யூ-30 போன்ற கிரேடும் ஏ.பி.ஐ. தரமும் கைநூலில் உள்ளபடி இருக்க வேண்டும். சிந்தெடிக் என்ற பெயர் மட்டும் போதாது.

2. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டீசல் என்ஜினில் புதிய ஒயிலும் விரைவில் கறுக்கும். கரியைத் தன்னில் தாங்கி வைத்திருப்பது அதன் வேலை.

3. வாரம் ஒருமுறை ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் குறைந்த என்ஜினை எந்த விலை கூடிய ஒயிலும் காப்பாற்றாது.

4. ஒயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றுங்கள். முத்திரை உடையாத டின்னையே வாங்கி, உங்கள் முன்னிலையில் திறக்கச் செய்யுங்கள்.

5. மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சாரதி மாறினாலும் கணக்கு மாறாது.

வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். அடுத்த முறை டின்னின் விலையைக் கேட்டதும், அது எத்தனை கிலோமீற்றருக்கு என்பதையும் கேளுங்கள்.