ஜெனரேட்டர் கரண்டும் இன்குபேட்டரும்: 55 முட்டை போய்ப் படித்த பாடம்

மகாராஜபுரத்தில் மலையடிவாரத் தோப்பில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். காத்து பலமா அடிச்சா தென்னை மட்டை லைனில் விழும், கரண்டு போயிரும். போன ஐப்பசியிலும் அப்படித்தான். இன்குபேட்டரில் 90 முட்டை, 17-ஆம் நாள். பொரிய இன்னும் நாலே நாள்.

வாடகைக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்து வந்தேன். அதிலேயே 1 எச்.பி. மோட்டார், அதிலேயே இன்குபேட்டர். தொட்டி நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்தினேன். பல்பு பளிச்சுனு எரிஞ்சது. இன்குபேட்டரின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி புகைஞ்சு போச்சு. அடையில் இருந்த மூணு கோழிக்கும் கீழே 35 முட்டையைப் பிரித்து வைத்தேன். 28 பொரிந்தது. மற்ற 55-ம் வீண்.

ஏன் இப்படி? ஈ.பி. லைனில் ஒரு மோட்டாரை நிறுத்தினால் பெரிதாக எதுவும் தெரியாது. சின்ன ஜெனரேட்டரில் அதுதான் பாதிச் சுமை. சட்டென்று சுமை குறைந்ததும் எஞ்சின் வேகம் எகிறும், வோல்டேஜும் எகிறும். மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். அப்போது வோல்டேஜ் படுத்துவிடும். பல்பு இதைத் தாங்கும். கம்ப்யூட்டர், டிஜிட்டல் தராசு, மோட்டாரை இயக்கும் செல்போன் ஸ்டார்ட்டர் தாங்காது.

இப்போது நான் செய்வது:

1. மோட்டாரும் மின்னணுக் கருவியும் ஒரே நேரத்தில் ஜெனரேட்டரில் கிடையாது.

2. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, மல்டிமீட்டரில் 230 வோல்ட் பக்கம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சுமை.

3. ஜெனரேட்டர் சார்ஜர் வழியாக பேட்டரிக்கு. பேட்டரியிலிருந்து சைன்வேவ் இன்வெர்ட்டர் வழியாக இன்குபேட்டருக்கு. இன்வெர்ட்டரின் பிளக்கை ஜெனரேட்டரில் சொருகக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர்களில் பல, வருகிற கரண்டை அப்படியே கடத்திவிடும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 100 வாட் இன்குபேட்டர் ஏழு மணி நேரம் ஓடும்.

4. பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடுவதில்லை. முதலில் சுமையைக் கழற்று, பிறகு எஞ்சினை நிறுத்து.

ஸ்பைக் கார்டு போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது கண நேர அதிர்ச்சியைத்தான் தடுக்கும். தொடர்ந்து ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்யாது. புதிதாக வாங்குவோர் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் பாருங்கள். விலை கூடுதல், கரண்டு சீராக வரும்.

உயிர் விஷயம் இரண்டு. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மோட்டார் அறைக்குள்ளோ ஓட்டாதீர்கள். அந்தப் புகைக்கு மணமே இல்லாத விஷவாயு உண்டு. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள். கரண்டு திரும்பி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைத் தாக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் வாடகை ஜெனரேட்டரை நம்பித்தான் தண்ணி ஏற்றின, செல்போனுக்கு சார்ஜ் போட்டன. நமக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். இருட்டில் தேடாமல், வெயில் நாளிலேயே ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். அப்படியே இரண்டு அடைக்கோழியும் கைவசம் இருக்கட்டும். அதுக்கு எந்தக் கரண்டும் வேண்டாம்.