பனிச் சரிவும் குடும்பப் பயணமும்

நம் நாட்டில் பனி என்றால், மார்கழி விடியலில் புல் நுனியில் தங்கி, ஞாயிறு எழுந்ததும் மறையும் சிறு துளியே பலர் நினைவுக்கு வரும். ஜப்பான் நாட்டின் மேற்குப் புறத்தில் வாழ்வோர்க்குப் பனி அத்தகையது அன்று. அது கூரையை அழுத்தும், பாதையை மறைக்கும், சிற்றூர்களில் வீட்டின் கீழ்த்தளச் சாளரங்களையும் மூடிவிடும்.

அங்கு இத்துணைப் பனி பெய்வதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் சைபீரியப் பெருநிலத்திலிருந்து வறண்ட கடுங்காற்று வீசுகிறது. அது ஜப்பான் கடலைக் கடக்கும்போது, தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் மேற்சென்று ஈரத்தை நிரம்ப முகந்து கொள்கிறது. பின்னர், நாட்டின் நடுவே முதுகெலும்புபோல் நிற்கும் மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, தான் சுமந்து வந்த ஈரம் முழுவதையும் வெண்பனியாகக் கொட்டுகிறது. ஈரம் இழந்த காற்றே மலையைத் தாண்டித் தோக்கியோ நகரை அடைகிறது. ஆதலால் தோக்கியோவில் தெளிந்த வானம் விளங்கும் அதே நாளில், மலைக்கு அப்பாலுள்ள நீகாட்டா மாவட்டத்தில் ஆளுயரப் பனி கிடத்தல் இயல்பு.

இப்பனியை ஜப்பானியர் நெடுங்காலம் அச்சத்தோடுதான் நோக்கினர். அவ்வச்சத்திற்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் ஒன்று 1902ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடந்தது. ஆவோமோரியிலிருந்து 210 படைவீரர்கள் பயிற்சிக்காக ஹக்கோடா மலையை நோக்கிப் புறப்பட்டனர். போதிய குளிருடை இல்லை. ஊரார் வழிகாட்ட முன்வந்தும் அவ்வுதவியை ஏற்றிலர். பனிப்புயல் சூழ்ந்தது, வழி தவறியது, 199 பேர் உயிர் துறந்தனர். அதே நாள்களில் ஹிரோசாக்கி என்னும் ஊரிலிருந்து புறப்பட்ட மற்றொரு படைக்குழுவும் அம்மலைப் பகுதியைக் கடந்தது. அக்குழுவினர் நாற்பதின்மருக்கும் குறைவானவர். முன்னரே ஆய்ந்து திட்டமிட்டவர். உள்ளூர் வழிகாட்டிகளைத் துணைக்கொண்டவர். அவர்கள் படைவீரர் ஒருவரையும் இழக்காமல் ஊர் திரும்பினர். மலையும் ஒன்றே, புயலும் ஒன்றே. முன்னேற்பாடு மட்டுமே வேறு.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1911ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டுப் படை அதிகாரியாகிய தியோடார் ஃபான் லெர்ஹ் என்பவர், நீகாட்டா மாவட்டத்துத் தக்காடா நகரில் ஜப்பானியப் படைஞர்க்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். கால்களில் இரு நீண்ட பலகைகள். கையில் ஒரே ஓர் ஊன்றுகோல். இவையே அவர் கற்பித்த முறைக்குரிய கருவிகள். படைஞரிடமிருந்து அக்கலை மக்களிடையே பரவிற்று. சறுக்குவெளியைக் ‘கெரென்டே’ என்றும், ஊன்றுகோலைச் ‘சுதொக்கு’ என்றும், பலகைகளை ஆப்புப்போல் வைத்து வளைந்து திரும்புதலைப் ‘போகென்’ என்றும் ஜப்பானியர் இன்றும் வழங்குகின்றனர். இம்மூன்றும் ஜெர்மன் மொழிச் சொற்களின் வழி வந்தவை. ஒரு கலை எவரிடமிருந்து வந்தது என்பதைச் சொற்கள் மறவாமல் காத்து நிற்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, தோக்கியோவில் வாழும் ஒரு குடும்பத்தை நம் மனக்கண்முன் நிறுத்துவோம். தந்தை, தாய், பதினான்கு வயது மகள், ஏழு வயது மகன், அறுபத்தெட்டு வயதுப் பாட்டி என ஐவர். தந்தை இளமையில் சறுக்கிப் பழகியவர். ஏனையோர் பலகையைக் காலில் கட்டி அறியாதவர். அவர்கள் எங்குச் செல்வது தக்கது?

தந்தையின் திறமைக்கு ஏற்ற உயர்ந்த மலையைத் தேர்ந்தால், நால்வர் அடிவாரத்தில் நின்று அவரை அண்ணாந்து பார்க்க நேரிடும். ஆகவே, குடும்பத்துள் மிக மெலிந்த காலுக்கு எது பொருந்துமோ அதையே இடமாகக் கொள்ளுதல் அறிவுடைமை. புதியவர்க்குரிய சரிவு 10 பாகை அளவில் இருத்தல் நன்று. அத்தகைய சரிவில் நூறு அடி சறுக்கினால் ஏறத்தாழ 17 அடியே கீழிறங்குவோம். ஜப்பானியச் சறுக்குவெளிகளின் வரைபடங்களில் எளிய தடத்தைப் பச்சையாலும், நடுத்தரமானதைச் சிவப்பாலும், கடியதைக் கறுப்பாலும் குறிப்பது பெருவழக்கு. பச்சைத் தடம் மிகுந்துள்ள சிற்றிடமே இக்குடும்பத்திற்கு ஏற்றது. அங்கே தாய் நின்ற இடத்திலிருந்தே மகனைக் காணலாம். வழி தவறினாலும் எல்லாத் தடங்களும் ஓரிடத்திலேயே வந்து முடியும்.

யுசாவா நகரத்து நகசாத்தோ சறுக்குவெளி அத்தகையது. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் விரைவு இரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் எச்சிகோ-யுசாவா நிலையத்தை அடைகிறது. 1982ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற, 22 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சுரங்கவழி மலைத்தொடரைத் துளைத்துச் செல்வதே இவ்விரைவுக்குக் காரணம். சுரங்கத்திற்கு இப்பால் காய்ந்த வயல். அப்பால் வெண்பனி உலகு. யுசாவாவிலிருந்து சிற்றிரயிலில் இரண்டாம் நிலையத்தில் இறங்கினால் சரிவு எதிரே நிற்கும். இச்சிற்றிரயில்கள் மிகச் சிலவே ஓடுதலால், வருவதற்கும் மீள்வதற்கும் உரிய நேரத்தை முன்னரே குறித்துக் கொள்ளல் வேண்டும். இங்குப் பழைய இரயில் பெட்டிகளை நிரையாக நிறுத்தி, வருவோர் இளைப்பாறும் இடமாக்கினர். சறுக்காத பாட்டிக்கு வேண்டுவது, குளிர் தாக்காத இருக்கையும் பேரக் குழந்தைகள் கண்ணில் படும் சாளரமும் அல்லவா?

காலத்தையும் ஆராய்தல் வேண்டும். ஆண்டுப் பிறப்பை ஒட்டிய விடுமுறையில் கூட்டம் பெருகும். விடுதிக் கட்டணமும் உயரும். பிப்ரவரித் திங்களில் பனி பெரும்பாலும் ஆழ்ந்து கிடக்கும். செலவிலும் சிக்கனம் கொள்ளலாம். பலகை, காலணி முதலியவற்றை விலைக்கு வாங்க வேண்டா, வாடகைக்கே கிடைக்கும். புதியவர்கள் முதற்காலையைச் சமநிலத்திலேயே கழிப்பர் ஆதலின், மேலேற்றும் நாற்காலிக்கு முழுநாட் சீட்டு வாங்குவதும் வீணே. அவ்வாறு மிஞ்சும் பொருளை ஆசிரியர்க்கு அளித்தல் தகும். தந்தையே கற்பித்தால் பாசம் குறுக்கிடும். இல்லையேல் சினம் குறுக்கிடும்.

உடையில் ஒரு சிறு நுட்பம் உண்டு. கனத்த காலுறை ஒன்றே போதும். குளிருக்கு அஞ்சி இரண்டை அணிந்தால், அவை மடிந்து காலை அழுத்தி, குருதியோட்டத்தைத் தடுத்து, குளிரை மிகுவிக்கும். பருத்தி ஆடை நனைந்தால் விரைவில் உலராது. ஆதலின் உடலை ஒட்டி அணிதற்குக் கம்பளியே சிறந்தது. தலைக்கவசமும் கையுறையும் வேண்டும். புதுப்பனி, ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது பங்குவரை திருப்பி வீசும். ஆதலின் மேகம் மூடிய நாளிலும் கண்ணாடி இன்றியமையாதது.

சரிவில் ஆசிரியர் முதற்கண் கற்பிப்பது விரைந்து செல்லுதல் அன்று. விழுதலும், எழுதலும், நிற்றலுமே ஆகும். பக்கவாட்டில் விழுந்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழல் வேண்டும். பின்னர்ப் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்பகுதியை அகற்றி, ஆப்பு வடிவில் நிற்கப் பழகல் வேண்டும். நிற்கத் தெரிந்த பின்னரே நாற்காலியில் ஏறி மேலே செல்லலாம். ஏழு வயதுச் சிறுவன் பத்து முறை விழுந்தும் நகைத்துக்கொண்டே எழுவான். வளர்ந்தோர்க்கு ஒரு வீழ்ச்சியே வெட்கமாகத் தோன்றும். எனவே சிறுவர் முந்திக் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

சறுக்குவெளிக்குச் சட்டமும் உண்டு. மேலிருந்து வருபவரே கீழிருப்பவரைக் காத்து வழியைத் தேர்தல் வேண்டும். கீழிருப்பவர்க்கு முதுகில் கண் இல்லை. குறுகிய இடத்திலும், மேலிருந்து காண முடியாத திருப்பத்திலும் நிற்றல் கூடாது. கயிறு கட்டித் தடுத்த எல்லைக்கு அப்பால் செல்லவே கூடாது. அங்குப் பனிச்சரிவு வீழலாம், தேடுவோரும் உடனே வர இயலாது. மாலையில் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்னும் ஆசை எழும்போதே பலகையைக் கழற்றிவிடுதல் நலம். களைத்த கால் மனத்தின் ஏவலைக் கேளாது. அதன்பின் வெந்நீர் ஊற்று அழைக்கும். உடலை நன்கு கழுவிய பின்னரே பொதுக்குளத்தில் இறங்குவது அந்நாட்டு மரபு. அன்று பட்ட வீழ்ச்சிகளை ஐவரும் எண்ணிச் சிரிப்பதற்கு அவ்விரவு போதாது.

இத்தகைய சிற்றிடங்களுக்கும் ஓர் இடர் நேர்ந்துள்ளது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கம்வரை ஜப்பானில் பெருகியிருந்த சறுக்குவோர் தொகை பின்னர்ப் பெரிதும் குறைந்தது. குழந்தைகளின் தொகையும் அருகியது. பனி குறைந்த குளிர்காலங்களும் வந்தன. சிறிய சறுக்குவெளிகள் பல மூடப்பட்டன. உயர்ந்த மலைகளில் பறப்பது போல் இறங்கும் வல்லுநர் எவரும் முதலில் ஒரு தாழ்ந்த சரிவில் தட்டுத்தடுமாறி நின்றவரே. அத்தாழ்ந்த சரிவுகள் அழியின், உயர்ந்த மலைகளுக்கும் ஆள் இராது.

ஹக்கோடா மலையில் 199 பேரை மாய்த்ததும் பனியே. ஏழு வயதுச் சிறுவனை நகைக்க வைப்பதும் பனியே. முன்னாய்ந்து, அறிந்தோரைக் கேட்டு, உடன் வருவோருள் மெலியவரைக் கொண்டு வழியை அளப்பவர்க்கு அது விளையாட்டுத் தோழனாகும். ஒரு பயணத்தின் வெற்றி ஒருவர் ஏறிய உயரத்தில் இல்லை. புறப்பட்ட ஐவரும் ஒன்றாக வீடு திரும்புவதில்தான் இருக்கிறது.